தங்க நிற மண்வாரி

கிழக்குப் பகுதிக்கு நீச்சல் குளம் வரும் என்று நம்பித்தான் அந்த டெக்சஸ் நகரத்து மக்கள், பூங்காக்களுக்காக நகராட்சி கடன்பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டச் சம்மதித்து இரண்டு முறை ஓட்டுப் போட்டார்கள். இரண்டு முறையும் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டவள் வெல்டா. குளம் வரவில்லை, வேலை தொடங்குவதாக மண் தோண்டும் விழா மட்டும் தவறாமல் வந்தது.

இன்றும் மேயர், லாரியில் வந்த மணலைத் தங்க நிற மண்வாரியால் ஒரு கரண்டி அள்ளி, படத்துக்குச் சிரித்துவிட்டுக் காருக்கு நடந்தார். நீச்சலுடையில் வந்திருந்த வெல்டா அவர் விட்டுப்போன மண்வாரியை எடுத்து, பக்கத்திலிருந்த நிஜத் தரையில் குத்தினாள்.

மேயரின் உதவியாளர் ஓடிவந்தார். "மேடம், அதக் குடுங்க. நாளைக்கு வேற விழா இருக்கு."

"இந்த விழாவே முடியலியே தம்பி."

"போலீசக் கூப்பிடுவேன்!"

"தாராளமா. ஆளுக்கொரு மண்வாரியோட வரச் சொல்லுங்க."

அதற்குள் எதிர்வீட்டு ஆர்லிஸ் தன்னுடையதைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்துகொண்டிருந்தார்.