பதினேழாம் எண்ணின் மறுப்பு

1999ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பதினான்காம் நாள், சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு, பெட்டாலிங் ஜெயாவிலுள்ள எங்கள் தனியார் கல்லூரியின் கூட்ட அறையில் விசாரணைக் குழு கூடியிருக்க வேண்டும். குழுவில் மூவர்: தேர்வுப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் தலைமை வகிக்க அழைக்கப்பட்ட நான், துறைத் தலைவர் நாகையா, விரிவுரையாளர் மெய்யம்மை. நாகையா பத்து இருபதுக்கு வந்து, நெடுஞ்சாலை நெரிசலைக் காரணம் காட்டினார். அதே நெடுஞ்சாலை வழியாகத்தான் நானும் பத்து மணிக்கு முன்பே வந்திருந்தேன் என்பதை அவருக்கு நினைவூட்டவில்லை. அவரை ஒரு பார்வை பார்த்தேன், அது போதுமானதாக இருந்தது.

மெய்யம்மை தொடங்கிய இணையவழி வகுப்பைத் தொடர்வதா, மூடுவதா என்பதே எங்கள் முன் இருந்த கேள்வி. கிள்ளானிலும் மேருவிலும் வேலை பார்த்துக்கொண்டே நிர்வாகவியல் பட்டம் படிப்பவர்களுக்கான வகுப்பு அது. கணினியில் ஒரு கலந்துரையாடல் பலகை உண்டு. வாரந்தோறும் மெய்யம்மை அதில் ஒரு கேள்வியை இடுவார். மாணவர்கள் தத்தம் கருத்தை எழுதி, ஒருவரோடு ஒருவர் வாதிட வேண்டும். வகுப்பில் வாய் திறக்கக் கூசுகிறவர்களும் முகம் தெரியாத திரையில் தாராளமாகப் பேசுவார்கள் என்பது அவருடைய முனைவர் பட்ட ஆய்வின் கருதுகோள். வகுப்பு மூடப்பட்டால் ஆய்வும் அத்துடன் முடிந்துவிடும்.

மாணவர்கள் பேசத்தான் செய்தார்கள். தொழிற்சாலைக்குப் புதிய இயந்திரம் வந்தால் பயிற்சியை முதலில் யாருக்குத் தருவது என்பது அண்மை வாரத்துக் கேள்வி. மேருவில் கையுறைத் தொழிற்சாலை மேற்பார்வையாளராக இருக்கும் தம்புசாமி, வயதில் எல்லாருக்கும் மூத்த மாணவர், பணியில் மூத்தவருக்கே என்று முதலில் எழுதினார். அதற்குக் கீழே வகுப்பு முழுவதும் வரிசையாக நின்று, 'அண்ணே சொன்னதே சரி' என்று எழுதிவிட்டுப் போயிருந்தது. வாதம் ஆங்கிலத்தில், மரியாதை மட்டும் தமிழில்.

"இது காப்பி அடிச்சது மேடம். வேற ஒண்ணும் இல்ல," என்றார் நாகையா என்னிடம். "ஒவ்வொரு வாரமும் இதே கதைதான் லா. மொத்த வகுப்பையும் பெயில் போட்டு, கோர்ஸையும் குளோஸ் பண்ணிடலாம்."

"அவங்களைக் கூப்பிட்டுக் கேட்டுடலாம் சார்," என்றார் மெய்யம்மை.

வெளியே காத்திருந்த தம்புசாமியையும், அதே வகுப்பில் படிக்கும் அவர் மனைவி பவுனம்மாளையும் அழைத்தோம். தம்புசாமி கழுத்துப்பட்டை கட்டியிருந்தார். அது அவருடைய விருப்பமன்று என்பதை அவர் கழுத்தே சொல்லிற்று.

"காப்பி எல்லாம் இல்ல மேடம்," என்றார் அவர். "நான் மொதல்ல எழுதிடுறேன். என்னமோ தெரியல, எல்லாருக்கும் அதே கருத்துதான் வருது."

"உங்களுக்குமா?" என்று பவுனம்மாளைக் கேட்டேன்.

"எனக்கு எங்க மேடம் வந்துச்சி? புதுசா சேர்ந்த பிள்ளைங்களுக்குத்தான் மொதல்ல சொல்லிக் குடுக்கணும், அதுங்கதான் பயப்படாம பட்டனைத் தொடும்னு வீட்டுல ஒரு மணி நேரம் சண்டை. இவரு கோவத்துல சோறு வேணாம்னுட்டாரு."

"அப்புறம் சாப்பிட்டேன்ல?" என்றார் தம்புசாமி.

"பிறகு ஏன் அவர் சொன்னதே சரி என்று எழுதினீர்கள்?"

பவுனம்மாள் என்னை இரக்கத்துடன் பார்த்தார். "நாலு பேரு படிக்கிற எடத்துல கட்டுன புருசனைத் தப்புன்னு எப்படி மேடம் எழுதறது? பேரு வேற பக்கத்துலயே நிக்குதே! மத்தவங்களுக்கும் அதே கஷ்டந்தான். பாதிப் பேருக்கு இவருதான் வேலை எடுத்துக் குடுத்தாரு."

மெய்யம்மை சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். முகம் மறைந்திருந்தால் போதும் என்று நினைத்தவர், பெயரை மறைக்க மறந்திருந்தார். இரண்டு வாரங்களுக்குப் பெயர்களை எடுத்துவிட்டு ஆளுக்கொரு எண் கொடுக்கலாமா என்று கேட்டார். அந்த எண்கள் யாருடையவை என்பது அவருக்கு மட்டுமே தெரியும். நான் ஒப்புக்கொண்டேன். "சாமான் மாறாது, பேக்கெட்தான் மாறும்," என்றார் நாகையா.

ஆகஸ்டு இருபத்தெட்டாம் நாள் மீண்டும் கூடியபோது, பலகையைப் படித்து முடிக்கவே நண்பகல் ஆயிற்று. ஐந்தாம் எண் பழைய கொள்கையையே திரும்ப எழுதியிருந்தது. பதினேழாம் எண் அதைப் பிடித்து உலுக்கியிருந்தது. 'ஐயா ஐந்து அவர்களே, மூத்தவருக்கே முதலில் என்றால், உங்கள் வீட்டு வீடியோவை ஓடவைக்க ஏன் கடைசிப் பிள்ளையைக் கூப்பிடுகிறீர்கள்?' என்று கேட்டிருந்தது. ஒன்பதாம் எண் கைதட்ட, மூன்றாம் எண் சீற, வகுப்பு முழுவதும் களத்தில் இறங்கியிருந்தது. இலக்கணப் பிழைகள் மிகுந்திருந்தன. ஆனால் ஒருவர் பிழை மற்றவரிடம் இல்லை; காப்பி அடிக்கவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

தம்புசாமி இம்முறை கழுத்துப்பட்டை இல்லாமல் வந்திருந்தார். "மேடம், நான்தான் அஞ்சு. அந்தப் பதினேழு யாரு? வாய் ரொம்ப நீளம். ஆனா மண்டையில சரக்கு இருக்கு. ரெண்டு நாள் தூக்கம் வரல, அப்புறம் மூத்த ஆளையும் புது ஆளையும் ஜோடியா ஒக்கார வைக்கலாம்னு மாத்தி எழுதிட்டேன். பேரைச் சொன்னீங்கன்னா ஒரு டீ வாங்கிக் குடுப்பேன்."

"எங்க வீட்டுக் கம்ப்யூட்டர்லேர்ந்து எழுதியிருக்க மாட்டாங்க," என்றார் பவுனம்மாள், மின்விசிறியைப் பார்த்தபடி.

"ஒனக்கு என்ன தெரியும்? நீதான் இப்பல்லாம் காய்கறி வாங்க பாசார் போறேன்னு போனா ரெண்டு மணி நேரம் ஆளையே காணோமே."

"பாசார் பக்கத்துல அய்யூப் அண்ணன் இன்டர்நெட் கடை தொறந்திருக்காரு. ஒரே கூட்டம். தாண்டி வர நேரமாகுது."

மெய்யம்மை தம் கையிலிருந்த எண்–பெயர்ப் பட்டியலைக் கவிழ்த்து வைத்தார். நாகையா இருமினார்; அது சிரிப்பாக இருந்திருக்கவும் கூடும்.

குழுவின் முடிவு அன்றே அறிவிக்கப்பட்டது. காப்பி அடித்ததாகக் கூறப்பட்ட குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. இணையவழி வகுப்பு அடுத்த பருவத்திலும் நடைபெறும். பலகையில் பெயர்களுக்குப் பதிலாக எண்களே இருக்கும். அவற்றுக்குரியவர்களை மெய்யம்மை மட்டுமே அறிந்திருப்பார். முந்தைய வாரங்களுக்கான கேள்விகளுக்கு மாணவர்கள் மீண்டும் விடை எழுதலாம். பதினேழாம் எண்ணின் பெயரைத் தெரிவிக்குமாறு தம்புசாமி விடுத்த கோரிக்கை நிராகரிக்கப்பட்டது.