சுரங்கச் சாலையில் ஒரு வட்டம்

1

இந்தக் கதை ஒரு ஃபோன் அழைப்பில் பிறந்தது. வியாழக்கிழமை காலை என் மகன் ஜப்பானிலிருந்து ஒன்று கேட்டான். நான் ஒரு பதில் சொன்னேன். அந்தப் பதில் சரிதானா என்று பார்க்கவே எழுதுகிறேன். "நான்" என்று எழுதினால் கை நின்றுவிடுகிறது. அதனால் கதையில் எனக்குக் கோவிந்தசாமி என்று பெயர். மனைவி கண்மணி, மகன் சித்தார்த், மகள் தாரா மூவரும் சொந்தப் பெயரிலேயே வருகிறார்கள். (அவர்களிடம் அனுமதி கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது.)

முதல் தொடக்கம்: "ஜப்பானின் பச்சை மலைகளுக்கு நடுவே, பாம்பைப் போல வளைந்து வளைந்து..."

பெங்களூரு ரயிலைப் பிடிக்கக் கிளம்பிக்கொண்டிருந்த தாரா, தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

"நைனா, பங்காருபேட்டை தாண்டி நீ எந்த மலைய பாத்த? பாம்பு வேற வுட்டுகினு."

அந்த வரியை அடித்துவிட்டேன்.

2

தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். சித்தார்த் வேலை பார்க்கும் சாலை பெருநகரங்களை இணைப்பது அல்ல. மலைக்குப் பின்னால் கிடக்கும் நாலைந்து சிற்றூர்களைக் கடற்கரை ஊரோடு சேர்க்கும் வட்டார விரைவுச்சாலை. வரைபடத்தில் கோடு போட்டு நாற்பது வருடம் ஆகிறது. ஒரு துண்டு திறப்பார்கள். எட்டு வருடம் கழித்து அடுத்த துண்டு. போக ஒரு தடம், வர ஒரு தடம், நடுவில் வரிசையாகப் பிளாஸ்டிக் குச்சிகள். வண்டிகள் பெருகினால் பக்கத்திலேயே இன்னொரு சுரங்கம் குடைந்து அகலப்படுத்துவார்களாம். இப்போது கடைசித் துண்டு, மலையைத் துளைத்த சுரங்கம், முடிந்திருக்கிறது. அது திறக்கும்வரை அந்த ஊர்களின் ஆம்புலன்ஸ் மலையைச் சுற்றிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் ஓட வேண்டும்.

திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை காலை. நாளை.

சித்தார்த் அங்கே சுரங்கச் சுவரைப் பரிசோதிக்கும் இன்ஜினியர். எத்தனை கருவி இருந்தாலும் சுத்தியலால் தட்டிக் காதால் கேட்பதை அவர்கள் விடவில்லை. கெட்டியான கான்கிரீட் "ணங்" என்னும். உள்ளே வெற்றிடம் இருந்தால் "தொப்".

3

கோவிந்தசாமியின் தகப்பனாருக்கும் இதே வேலைதான். எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில், பூமிக்கடியில் அறுபதாவது லெவலில், ஷிப்ட் ஆட்கள் உள்ளே போகும் முன் இரும்புப் பாரையால் கூரையைத் தட்டுவார். நல்ல பாறை என்றால் சாக்பீஸால் வட்டம். கெட்டது என்றால் பெருக்கல் குறி. வட்டத்தை நம்பிப் பன்னிரண்டு பேர் அதன் கீழே உட்காருவார்கள். போட்ட குறியை அந்த ஷிப்டுக்குள் மாற்றக் கூடாது. மாற்றினால் காது போய்விட்டது என்று பொருள். கையிலிருந்து பாரையை வாங்கிவிடுவார்கள்.

"எங்கள் வீட்டில் ஒரு குறிகூட மாறியதில்லை." இதைக் கோவிந்தசாமி கல்யாணப் பந்தியிலும் சொல்வார், இழவு வீட்டிலும் சொல்வார்.

4

"நைனா, ஒரு எடத்துல தொப்புனு கேட்டுச்சி," என்றான் சித்தார்த். "சீனியரு மெஷின் வச்சி பாத்துட்டு ஒண்ணுமில்லன்னாரு. நானும் சரின்னு கையெழுத்து போட்டுட்டேன். இப்ப தூக்கம் வர்ல. மறுபடி தட்டணும்னு சொன்னா விழா நின்னுடும். சொல்லட்டுமா?"

கோவிந்தசாமி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"போட்டுட்ட இல்ல? நம்ம வூட்ல போட்ட குறிய மாத்தறது கெடையாது."

"சரி நைனா."

(இங்கே ஒன்றை மறைத்துவிட்டேன். எங்கள் ஊர் ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாண்டு எதிரில் "ஜப்பானில் சாலை திறக்கும் எங்கள் செல்வன்" என்று ஒரு பேனர் தொங்குகிறது. சித்தார்த்தின் படத்தைவிடக் கோவிந்தசாமியின் படம் பெரிது. நாளைக் காலை ஃபோனில் விழாவைப் பார்க்க நாற்பது பேரை வீட்டுக்கு அழைத்திருக்கிறார். அவர் பதில் சொன்ன நேரத்தில் இதெல்லாம் அவர் மனதில் இல்லை என்று எழுத நினைத்தேன். அது பொய்.)

5

இந்தப் பகுதியை இரண்டு முறை கிழித்தேன். மூன்றாவது முறையாக எழுதுகிறேன்.

இன்று காலை கண்மணி காப்பியை மேசையில் வைத்துவிட்டு, போகாமல் நின்றாள்.

"மூணு நாளா பேப்பர கிழிச்சிகினே கீறீங்க. உங்க அப்பா குறிய மாத்தினாரு."

"யாரு சொன்னது?"

"எங்க அப்பா. அதே கேங்குதான அவரும். வட்டம் போட்டுட்டு, ஆளுங்கள மேல ஏத்தற கேஜ் வரிக்கும் போயி, திரும்பி வந்து அழிச்சிட்டு பெருக்கல் போட்டாராம். எல்லாரையும் வெளிய வரச் சொன்னாராம்."

"பாறை விழுந்துச்சா?"

"விழல. ஒரு வாரம் கேலி பண்ணாங்களாம். பாரைய புடுங்கிகினு மண்ணு அள்ள வுட்டாங்களாம். எங்க அப்பா மட்டும் சிரிக்கல. அந்தக் கல்லுக்கு நேர் கீழ ஒக்காந்துகினு இருந்தது அவருதான்."

"இத்தினி வருசமா ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கற ஆளா?"

6

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அ. சித்தார்த் சொல்லிவிடுகிறான். விழா நிற்கிறது. உள்ளே எதுவும் இல்லை என்று தெரிகிறது. மலையூர்க்காரர்கள் இன்னும் ஒரு மாதம் சுற்றிக்கொண்டு போகிறார்கள். அவன் பெயர் கெடுகிறது. பஸ் ஸ்டாண்டில் நின்று கோவிந்தசாமி பேனரை...

ஆ. அவன் சொல்லவில்லை. சாலை திறக்கிறது. எதுவும் நடக்கவில்லை. அடுத்த வருடமும் இல்லை. ஒவ்வொரு முறை ஃபோன் மணி அடிக்கும்போதும் கோவிந்தசாமி...

இ. அவன் சொல்லவில்லை. ஒரு நாள் அந்தச் சுவரின் கீழே ஒரு ஆம்புலன்ஸ்...

இதற்கு மேல் எழுத மாட்டேன்.

இந்த மூன்று முடிவுகளையும் சித்தார்த் எனக்கு முன்பே எழுதிப் பார்த்திருப்பான். அதனால்தான் கூப்பிட்டான். இது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

இங்கே மணி பதினொன்று. அங்கே மதியம் இரண்டரை. விழாவுக்கு முன் சுவரைத் தட்ட இன்னும் நேரம் இருக்கிறது. கண்மணி எண்ணை அழுத்தி, ஃபோனைக் காகிதத்தின் மேல் வைத்துவிட்டாள். மணி போகிறது. கோவிந்தசாமி தொண்டையைச் செருமிக்கொண்டு...

இல்லை. கோவிந்தசாமி போதும்.

"நைனா?" என்கிறான்.

முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் பேச வேண்டும்.