மறுமுனையில் ஒரு மூச்சு

விடியற்காலையில் அடுப்பு மூட்டும்போதே ரொட்டிக்கடைக்காரர் செல்போனைக் குழு அழைப்பில் போட்டு, மாவு மேசையின் ஓரத்தில் சாய்த்து வைத்துவிடுவார். அவருடைய சபையில் ஓர் உதவிக் குழு இருந்தது. ஊரிலுள்ள ஏழைக் குடும்பங்களுக்கு ரொட்டியும் மருந்தும் கொடுப்பவர்கள். வேலைக்குப் போகும் முன் போனிலேயே கூடி ஜெபிப்பார்கள். கடைசியில் சற்று நேரம் யாரும் பேசக்கூடாது, அழைப்பைத் துண்டிக்கவும் கூடாது.

அந்த மௌனத்தில் தினமும் ஒரு மூச்சு கேட்கும். குழுவிலுள்ள ஓய்வுபெற்ற நர்ஸம்மா தூங்கிவிட்டார் என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

அன்று நர்ஸம்மாவின் போனில் சார்ஜ் இல்லை. நேரே கடைக்கு வந்துவிட்டார்.

"இன்னைக்கு நேர்லயே குறட்டையா?" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

"வாயைக் கழுவுங்க. நான் என்னைக்குத் தூங்கினேன்?"

வழக்கம்போல ரொட்டிக்கடைக்காரர்தான் ஜெபத்தை முடித்தார். "இருக்கிறவங்களுக்கே பத்தல ஆண்டவரே. புதுசா யாரையும் எங்ககிட்ட அனுப்பிடாதீங்க."

மௌனம். போனில் மூச்சு கேட்டது.

அவர் நர்ஸம்மாவைப் பார்த்தார். நர்ஸம்மா வாயை இறுக மூடியபடி போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். போனுக்குள் ஒரு கைக்குழந்தை சிணுங்கியது. யாரோ அதன் வாயைப் பொத்தியதுபோல் சத்தம் அடங்கியது.

"யாரது?"

"அண்ணே, கட் பண்ணிடாதீங்க" என்றது ஒரு பெண்குரல்.

நர்ஸம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. "ஐயோ, இது என் பக்கத்து வீட்டுப் பொண்ணு! புருஷனோட வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பினப்ப என் பழைய போனை சிம்மோடவே குடுத்தேன்." அந்த எண்ணைக் குழுவிலிருந்து யாரும் எடுக்கவில்லை. கடலுக்கு அப்பால் அது தினமும் ஒலித்திருக்கிறது.

அவள் விட்டு விட்டுப் பேசினாள். கம்பெனியை மூடிவிட்டார்கள். முதலாளி பாஸ்போர்ட்டுகளோடு தலைமறைவு. வேலையாட்கள் குடும்பம் குடும்பமாக ஒரு கிடங்கில் கிடக்கிறார்கள். அரிசி தீர்ந்துவிட்டது. குழந்தைக்கு நிற்காமல் வயிற்றுப்போக்கு.

"இத்தனை நாளா ஏம்மா வாயைத் திறக்கல?"

"நீங்கதான் தினமும் சொல்றீங்களே அண்ணே, யாரையும் அனுப்பாதீங்கன்னு."

மாவில் புதைந்த கைகளை அவரால் வெளியே எடுக்க முடியவில்லை. அடுப்பிலிருந்து கருகல் வாடை வந்தது.

முதலில் தெளிந்தவர் நர்ஸம்மாதான். "பிள்ளை கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போச்சு? கொதிச்சு ஆறின தண்ணி இருக்கா? உப்பு, சர்க்கரை?"

"உப்பு இருக்கு. சர்க்கரை இல்ல."

'ஃபியூஸ்' என்று கேலி செய்யப்படும் எலெக்ட்ரீஷியன் போனில் கத்தினான். "என் தம்பி அந்த ஊர்லதான் லாரி ஓட்டுறான்! இடத்தைச் சொல்லும்மா, உதைச்சு எழுப்புறேன்."

குழுவின் பொருளாளரான தையற்கடைக்காரம்மா போனில் தயங்கினாள். "அண்ணே, நாம ஊருக்குள்ளதானே செய்றோம்? கடல் தாண்டி எல்லாம் எப்படி?"

ரொட்டிக்கடைக்காரர் கருகிய ரொட்டிகளை வெளியே இழுத்துப் போட்டார்.

கடைக்கு ஆள் வரத் தொடங்கிய பிறகும் அவர் அழைப்பிலேயே இருந்தார். ஒருவழியாக, மறுமுனையில் யாரோ தகரக் கதவைத் தட்டினார்கள். ஃபியூஸின் தம்பி சர்க்கரையோடும் அரிசியோடும் வந்திருந்தான். நர்ஸம்மா அளவு சொல்லச் சொல்ல அவள் கரைத்துப் புகட்டினாள். வெகுநேரம் கழித்துக் குழந்தை வீறிட்டு அழுதது.

"அழட்டும். தெம்பு வந்துடுச்சு" என்றார் நர்ஸம்மா.

"அண்ணே, இந்த அரிசியை மத்த குடும்பத்துக்கும் பிரிச்சுக் குடுக்கலாமா? திட்டமாட்டீங்களே?"

ரொட்டிக்கடைக்காரர் போனருகே குனிந்தார். "குடும்மா. நாளைக்கும் வரும்" என்றார், யாரையும் கேட்காமல்.

தையற்கடைக்காரம்மா இருமிக்கொண்டாள். அவர் அவளுடைய மறுப்புக்காகக் காத்திருந்தார்.

"எத்தனை குடும்பம்னு கேளுங்கண்ணே" என்றாள் அவள்.