சரிங்க

அக்காவின் வயிற்றில் பிசுபிசுத்துக் கிடந்த ஸ்கேன் ஜெல்லைத் தங்கை ஈரத்துணியால் வழித்துக்கொண்டிருந்தாள். கதவைத் தட்டாமலே வெள்ளைக்கோட்டுக் கூட்டம் ஒன்று உள்ளே வந்தது. முன்னால் பேராசிரியர், பின்னால் மாணவர்கள்.

“ரொம்ப அபூர்வமான கட்டி. தொட்டுப் பாத்துக்குங்க, இனி எப்பக் கிடைக்குமோ,” என்றபடி அவர் போர்வையை இன்னும் கீழே இறக்கினார். ஒரு மாணவன் குனிந்து விரல்களை அழுத்தினான்.

“வலிக்குதாம்மா?” என்று பேராசிரியர் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

“வலிக்காது சார்,” என்றாள் தங்கை. “அவ போயி அரை மணி ஆகுது. உங்ககிட்டச் சொல்றேன்னுதான் நர்ஸ் போனாங்க.”

மாணவன் சூடு பட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டான். “அடடா,” என்றார் பேராசிரியர். கூட்டம் வந்த வழியே நழுவியது. இறக்கிய போர்வையை இழுத்து மூட ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

தங்கைக்கு மீன்கடை. செவுளைத் தூக்கிப் பார்த்து, வயிற்றை அமுக்கிப் பார்த்து, வாங்காமல் போகிறவர்களைத் தினமும் பார்க்கிறவள். அவர்கள்மேல் அவளுக்குக் கோபம் வந்ததில்லை. இப்போது வந்தது.

பல்கலைக்கழகத்தின் மகளிர் நல மையம் அது. சிகிச்சை, ஆராய்ச்சி, கல்வி எல்லாம் ஒரே கூரையின் கீழ் என்று லிஃப்டுக்குள்கூட எழுதி வைத்திருந்தார்கள். “மூணு புருஷனுக்கு வாக்கப்பட்ட மாதிரி இருக்குடி. ஆளாளுக்கு வந்து துணியை விலக்குறாங்க,” என்று அக்கா சிரிப்பாள். நேற்று மட்டும் சிரிக்கவில்லை. “செத்தப்புறமாச்சும் என்னை யாரும் தொட வேணாம்னு சொல்லுடி,” என்றாள்.

வண்டிக்குச் சொல்லப் போயிருந்த மாமா திரும்பி வந்தார். கூடவே ஆராய்ச்சிப் பிரிவுப் பெண்ணும் வந்தாள்.

“கட்டியோட சேர்த்துக் கர்ப்பப்பையை எடுத்து வச்சுக்கிட்டா, படிக்கிற பிள்ளைங்களுக்கு உதவியா இருக்கும் சார். அம்மா சம்மதிச்சுட்டாங்க, ரெக்கார்டிங் இருக்கு. வீட்டுக்காரர் நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிட்டா...”

“அவளே சொல்லிட்டாளாம். நாம என்னத்தச் சொல்றது?” என்றார் மாமா.

“மாமா, வேணாம். யாரும் தொடக்கூடாதுன்னு நேத்து என்கிட்டச் சொன்னா.”

“நீ சும்மா இரு. படிச்சவங்க பொய்யா சொல்வாங்க?”

அந்தப் பெண் போனை நீட்டி ஓடவிட்டாள். உங்கள் மறைவுக்குப் பின், மாதிரி, காட்சிக்கூடம் என்று அவள் குரல் வாசித்துக்கொண்டே போனது. ஒவ்வொன்றுக்கும் அக்காவின் குரல், “சரிங்க... சரிங்க...” என்றது.

“இதுவா சம்மதம்?” தங்கைக்குக் குரல் ஏறியது. “கேஸ் சிலிண்டர் இன்னைக்கு வராதுன்னு சொல்றவன்கிட்டயும் சரிங்கம்பா. ராங் கால்காரன்கிட்டயும் சரிங்கம்பா. காதுல விழுந்துச்சுன்னு அர்த்தம், அவ்வளவுதான். உங்ககிட்ட எத்தனை சரிங்க சொல்லியிருக்கா மாமா? அதுல எது மனசார சொன்னது?”

போனில் அக்காவின் குரல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

“ஏம்மா, கால் மரத்துப்போச்சு. கீழ இறக்கிக்கட்டுமா?”

“அசையாதீங்கம்மா, டாக்டர் உள்ள பாத்துக்கிட்டு இருக்காரு. இன்னும் ரெண்டே கேள்விதான்.”

“சரிங்க.”

போனுக்குள் ஏதோ இரும்புச் சாமான் தட்டில் விழுந்த சத்தம். அந்தப் பெண் அவசரமாகப் போனை அணைத்தாள்.

“ரெண்டு வேலையையும் ஒண்ணா முடிச்சா அவங்களுக்கும் அலைச்சல் மிச்சம்னுதான் சார்...”

“காலைத் தூக்கிக் கட்டி வச்சுக்கிட்டா கேட்டீங்க?” என்றார் மாமா. மெதுவாகத்தான் கேட்டார்.

அவள் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“வெளிய போம்மா.”

“சார், நேரம் ஆச்சுன்னா திசு கெட்டுப்போயிரும். கொஞ்சம் யோசிச்சு...”

“போன்னு சொன்னேன்.”

அவள் போனாள். மாமா போர்வையை அக்காவின் கழுத்துவரை ஏற்றிவிட்டார். பார்வையாளர் நாற்காலியைத் தரை கீச்சிட இழுத்து வந்து, கதவில் முதுகை முட்டுக்கொடுத்து உட்கார்ந்தார். தங்கை துணியை அலசிப் பிழிந்து, ஜெல்லின் மிச்சத்தைத் துடைக்கத் தொடங்கினாள்.

வெளியே யாரோ கைப்பிடியைத் திருகினார்கள். நாற்காலி ஒரு விரற்கடை நகர்ந்தது. மாமா இரண்டு கால்களையும் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டார்.