ராணி ரூபாயின் மினுப்பு

நஞ்சுண்டன் பழங்காசுகளுக்குத் தரம் சொல்பவர். கோயமுத்தூரில் காசு சேர்ப்பவர்கள் அவருடைய கையெழுத்துள்ள காகித உறையைப் பார்த்துவிட்டால் மேற்கொண்டு கேள்வி கேட்கமாட்டார்கள். அப்படிப்பட்ட மனிதரைச் சோமனூரில் தங்கை புருஷன் வீட்டு முன்னறையில் உட்காரவைத்துக் கதவையும் சாத்தினார்கள். தறிச் சத்தத்துக்காகத்தான் சாத்தினார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

தங்கை புருஷன் ஈஸ்வரமூர்த்தி விசைத்தறி முதலாளி, முன்கோபி. போன ஆடியில் குழம்பில் உப்புக் கூடிப்போனதென்று மனைவி நாச்சியம்மாளைப் பெட்டியோடு பஸ் ஏற்றிவிட்டவர். அவளைத் திரும்பக் கொண்டுவந்து விடுவதற்குள் நஞ்சுண்டனுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. "இன்னொருக்கா ஏதாச்சும் ஆச்சுன்னா அங்கயே வெச்சுக்குங்க" என்று சொல்லித்தான் ஏற்றுக்கொண்டார். உப்புக்கே அந்தப் பாடு.

ஈஸ்வரமூர்த்திக்குக் காசுப் பைத்தியம் புதிது. விக்டோரியா ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய் ஒன்றை வாங்கி நஞ்சுண்டனிடம் கொடுத்திருந்தார். "புழங்காதது, அச்சு அழுத்தம் குறைவு" என்று உறையில் எழுதி நஞ்சுண்டன் திருப்பித் தந்தார். அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் பூஜை அலமாரியில் பத்து நாள் வைத்திருந்துவிட்டு, இன்றைக்கு ஈரோட்டிலிருந்து காசு வியாபாரி முஸ்தபாவை வரவழைத்திருந்தார். பழங்காசு விஷயத்தில் முஸ்தபா ஒன்று சொன்னால் நஞ்சுண்டனே ஒருமுறை யோசிப்பார்.

முஸ்தபா லென்ஸை வைத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"ராணி காதோர முடியெல்லாம் மழுங்கியிருக்குதுங்க. இது நாலு கை புழங்கித் தேஞ்ச காசு."

ஈஸ்வரமூர்த்தியின் முகம் சிவந்தது. "ஏனுங் மச்சான், எங்காசு ஒரு வாரம் உங்ககிட்டத்தான இருந்துச்சு? நல்லதை எடுத்துப்போட்டு இதை வெச்சுட்டீங்களா?"

கூடப் பிறந்தவள் வீட்டில் திருடன் பட்டம். ஆனாலும் பதில் கைவசம் இருந்ததால் நஞ்சுண்டன் தைரியமாகப் பேசினார்.

"கொஞ்சம் கேளுங்க மாப்பிள்ளை. மழுங்குனதெல்லாம் தேஞ்சதாயிராதுங்க. அச்சடிக்கறப்பவே அழுத்தம் பத்தலீன்னா, அச்சுல ஆழமான எடத்துக்கு வெள்ளி போய்ச் சேராது. முடி எழும்பாது. பொறப்பே அப்படி. அதனால தரம் ஒரு படி கொறையும், ஆனா புழங்குனதுன்னு சொல்லக் கூடாது. தேஞ்ச எடத்துல மினுப்பு செத்துப்போயிரும். அழுத்தம் பத்தாத எடத்துல மினுப்பு அப்படியே இருக்கும். வெளிச்சத்துல திருப்புனா மழுங்குன எடத்து மேலயும் சுத்தி ஓடும். இப்பப் பாருங்க..."

சன்னலோரம் போய் ரூபாயைத் திருப்பினார். எதுவும் ஓடவில்லை. காசு பளபளவென்றுதான் இருந்தது, ஆனால் அது எவர்சில்வர் டம்ளரின் பளபளப்பு. லென்ஸை வைத்தார். எழுத்துகளின் இடுக்கில் துளித்துளியாகத் திருநீறு ஒட்டியிருந்தது.

அவருக்குப் புரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை தவறாமல் நாச்சியம்மாள் பூஜைச் சாமான்களைப் புளி போட்டுத் துலக்கித் திருநீறால் தேய்ப்பாள். லட்சுமி படத்தடியில் வெள்ளிக் காசு கறுத்துக் கிடந்தால் அவளுக்கு மனசு கேட்குமா? உறையிலிருந்து எடுத்து அதையும் துலக்கி, பத்திரமாகத் திரும்பப் போட்டிருக்கிறாள். நூறு வருஷம் நின்ற மினுப்பு ஒரு கொட்டைப் புளியில் போய்விட்டது.

"அப்ப மினுப்பு எங்கீங்க போச்சு?" என்றார் முஸ்தபா. குத்தலாக இல்லை, நிஜமாகவே கேட்டார்.

நாச்சியம்மாள் காப்பித் தட்டோடு உள்வாசலில் வந்து நின்றாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அண்ணன் எப்படியும் பேசி ஜெயித்துவிடுவார் என்ற நிம்மதிதான் அவள் முகத்தில் இருந்தது. அதைப் பார்க்க நஞ்சுண்டனால் முடியவில்லை. உண்மையைச் சொன்னால் தன் பெயர் தப்பும், அவள் பெட்டி தெருவுக்கு வரும். வாயை மூடிக்கொண்டால் தான் திருடன். திருடனின் தங்கைக்கு மட்டும் இந்த வீட்டில் என்ன மரியாதை கிடைக்கும்? எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவராக இருந்தது.

"சொல்லுங்க மச்சான்." ஈஸ்வரமூர்த்தி எழுந்துபோய்ச் சாத்திய கதவில் சாய்ந்துகொண்டார்.

"அதே காசுதானுங்க. நாந்தான் கெடுத்துப்போட்டேன். கறுத்திருக்குதேன்னு புளி போட்டு வெளக்கிப்போட்டேன்."

முஸ்தபா திடுக்கிட்டு நிமிர்ந்தார். காசைத் துலக்காதீர்கள் என்று ஊரெல்லாம் கத்திக்கொண்டு திரிந்த வாய் அல்லவா அது?

"வெளக்கிப்போட்டு, புழங்காததுன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டீங்களா? உங்க உறைய நம்பி இனி நான் எப்படிங்க காசு வாங்கறது?"

"வாங்காதீங்க."

நஞ்சுண்டன் ரூபாயை உறைக்குள் போட்டார். ஈஸ்வரமூர்த்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரூபாய் போனது போகட்டும், நாலு பேர் மதிக்கும் மச்சான் முட்டாளாகி நிற்பது அவருக்கு அதைவிடப் பெரிய லாபம்.

புளி என்றதுமே நாச்சியம்மாளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "அண்ணா..." என்று ஓரடி முன்னால் வந்தாள்.

"காப்பி ஆறுதே அம்மணி. வெச்சுப்போட்டு உள்ள போ" என்றார் நஞ்சுண்டன், தரையைப் பார்த்தபடி.

ஈஸ்வரமூர்த்தி விடவில்லை. "நில்லு. உங்கண்ணன் பண்ணுன கூத்தக் கேட்டயா? பாத்திரம் வெளக்கற மாதிரி காச வெளக்கி வெச்சிருக்கறாரு. நீயே சொல்லு, கூறு இருக்கறவன் செய்யற வேலையா இது?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவர் லேசாகத் தலையசைத்தார்.

"கூறுகெட்ட வேலைதானுங்க" என்றாள் நாச்சியம்மாள்.