நோன்புத் தலையிடி

என் கணவர் ஜவாத் பொய் சொல்லமாட்டார். கொஞ்சம் கூட்டிச் சொல்லுவார், அவ்வளவுதான். நாடு முழுக்க காஸ் சிலிண்டருக்காக வரிசையில் நின்ற அந்த நோன்பு மாதத்தில், முதல் நாளான தலைநோன்பன்று பள்ளிவாசலில் யாரோ அவரிடம் "உங்கட வீட்ட காஸ் எப்பிடி?" என்று கேட்டிருக்கிறார்கள். "பெருநாள் மட்டும் காணும்", அதாவது நோன்பு முடிந்து பெருநாள் வரும்வரை போதும், என்று சொல்லிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார். எங்கள் சிலிண்டரோ முந்தின நாளே முடிந்துபோயிருந்தது. நான் அதைக் குலுக்கியும் சாய்த்தும் பார்த்து, கடைசியில் நன்றாக ஏசியும் பார்த்திருந்தேன்.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே. அதனால் எங்கள் புதிய கரி அடுப்பு அரிசிச் சாக்குக்குள் ஒளிந்து, பின்கதவால் வீட்டுக்குள் வந்தது.

கடையில் சாறன், கைலி விற்கிற என் கணவர் அன்றோடு அடுப்பு வாத்தியார் ஆகிவிட்டார். அடியில் தென்னந்தும்பு, அதற்கு மேல் சிரட்டைக்கரி. தும்பு பிடித்ததும் விசிற வேண்டும். கரி சாம்பல் பூத்த பிறகுதான் சட்டியை வைக்க வேண்டும். "வித்தவன் சொன்னான், இது புகையில்லா அடுப்பாம். கண் எரியாது, சுவர் கறுக்காது" என்றார். அது உண்மைதான். கண் எரியவில்லை. கடைசிப் பாடம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

"ஜன்னலையும் கதவையும் பூட்டிப்போட்டு ஆக்கு புள்ள. காத்துப் பட்டாக் கரி வீணாப் போயிரும்."

"கரிக்குக் காத்து வேணாமெண்டா விசிறி என்னத்துக்கு?"

"அது உள்காத்து. இது வெளிக்காத்து" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

வெளிக்காத்தின் உண்மையான பெயர் ஹுஸ்னியா. சாய்ந்தமருதில் எங்கள் ஒழுங்கையில் வீடுகள் நெருக்கம். எங்கள் குசினி ஜன்னலும் ஹுஸ்னியா வீட்டுக் குசினி ஜன்னலும் முகத்துக்கு முகம் பார்க்கும். நான் மிளகாய் வறுத்தால் அவள் தும்முவாள். அவளுடைய கணவர் ஜவுபரை அண்ணன் முறையில் காக்கா என்போம்; ஆட்டோ ஓட்டுகிறவர். பள்ளிவாசலில் அந்தப் பெருநாள் கதையைப் பக்கத்தில் நின்று கேட்டவர்களில் அவரும் ஒருவர். என் அடுப்பில் கரி கனல்வதை ஹுஸ்னியா பார்த்தால் ஜவாத்தின் மரியாதை என்ன ஆவது? நான் முணுமுணுத்துக்கொண்டே ஜன்னலைப் பூட்டினேன்.

பின்னேரம் அசர் தொழுதுவிட்டு உள்ளே போனால் கஞ்சி, கறி, பொரியல் என்று பொழுதுபட்டு நோன்பு திறக்கும் மஃரிபுக்குக் கிட்டத்தான் வெளியே வருவேன். அதற்குள் தலை விண்விண்ணென்று தெறிக்கும். எங்கள் ஊரில் இதற்கு யாரும் டாக்டரைத் தேடுவதில்லை. நாளெல்லாம் தேத்தண்ணி இல்லாமல் கிடந்தால் வருவது நோன்புத் தலையிடி. முன்விறாந்தையில் காற்றாட இருந்து நோன்பு திறந்து, ஒரு பிளேன்டீ குடித்ததும் எனக்கும் மெல்ல மெல்ல விட்டுப்போகும். "பாத்தியா, தேயிலைதான் மருந்து" என்பார் ஜவாத். தினமும் அவர் சொன்னதே சரியாக இருந்ததுதான் எனக்குப் பெரிய எரிச்சல்.

பிறகு எனக்கு நோன்பு இல்லாத நாட்கள் வந்தன. மாதாமாதம் பெண்களுக்கு வரும் நாட்கள். அப்போது நாங்கள் நடிக்கிற நடிப்பைப் பார்க்க வேண்டும். முகத்தில் நோன்புக் களைப்பு குறையாது, அலுமாரிக் கதவுக்குப் பின்னால் பிஸ்கட் குறைந்துகொண்டிருக்கும். அன்றும் அப்படித்தான். காலையில் தேத்தண்ணி, பகலில் சோறு, அதற்குப் பிறகு இன்னொரு தேத்தண்ணி. எல்லாம் முடித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி குசினிக்குள் போய் ஜன்னலைப் பூட்டி அடுப்பை மூட்டினேன். மகள் அம்ஹா பக்கத்தில் இருந்து படம் கீறிக்கொண்டிருந்தாள்.

கஞ்சி கொதிக்கும்போது தலையிடி தொடங்கியது. நோன்பென்றால் அப்படித்தான் என்று நெற்றியைப் பிடித்தேன். பிடித்த கை அப்படியே நின்றது. எந்த நோன்பு?

"உம்மா, எனக்கும் நோன்புத் தலையிடி" என்றாள் அம்ஹா.

அவளுக்கு ஐந்து வயது. சற்று முன்தான் வாழைப்பழம் தின்றவள். எழும்பப் பார்த்தாள், கால் மடங்கியது. என் மடியிலேயே வாந்தி எடுத்தாள். நான் அவளை அள்ளிக்கொண்டு பின்கதவைத் திறந்து வளவுக்கு ஓடினேன். என் கால்களும் எனக்குச் சொந்தமில்லாதவை போல இருந்தன. அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன் பட்டதில்லை.

என்னோடு படித்த வினோஜா ஆஸ்பத்திரியில் தாதி. அவளுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"என்னத்தில சமைக்கிற நீ?"

"கரி அடுப்பு. ஆனா இது புகையில்லா அடுப்பு."

"ஜன்னல்?"

"பூட்டித்தான்."

"விசரி! புகை இல்லாட்டி நஞ்சு இல்லையெண்டு ஆர் உனக்குச் சொன்னது? கரி எரிஞ்சு வாற நஞ்சுக் காத்துக்கு நிறமும் இல்ல, மணமும் இல்ல. பிள்ளையக் காத்தாட வெச்சுக்கொண்டு உடனே இஞ்ச கொண்டா. நீயும் வா."

போனை வைக்கும்போது ஜவாத் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். "என்ன புள்ள, நோன்பு கடுமையா?" என்றார்.

"எனக்கு இண்டைக்கு நோன்பில்ல. இவளுக்கு அஞ்சு வயசு. இப்ப சொல்லுங்க, இது என்ன தலையிடி?"

வினோஜா சொன்னதைச் சொன்னேன். சைக்கிள் அவர் கையை விட்டு விழுந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு குசினிக்குள் ஓடி, சட்டியை இறக்கி, அடுப்பைச் சாக்கால் பிடித்து வளவில் கொண்டுவந்து வைத்தார். திரும்ப ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தார். திறந்தவர் அங்கேயே நின்றுவிட்டார்.

ஹுஸ்னியாவின் ஜன்னல் பூட்டியிருந்தது. இந்தச் சித்திரை வெக்கையில், கஞ்சி காய்ச்சுகிற நேரத்தில், எந்தப் பொம்பிளை குசினி ஜன்னலைப் பூட்டுவாள்?

எனக்கு விளங்கியது. அவருக்கு எனக்கு முன்னமே விளங்கிவிட்டது. கூப்பிட்டால் பள்ளிவாசலில் சொன்னது அத்தனையும் போய்விடும். மனுஷன் யோசிக்கவே இல்லை. அதை நான் எங்கேயும் சொல்லுவேன். ஒழுங்கைக்குப் பாய்ந்து அவர்களுடைய கேற்றை இரண்டு கையாலும் அடித்தார்.

"ஜவுபர் காக்கா! ஜன்னலத் திறங்க! கரி அடுப்ப வெளிய எடுங்க! அது நஞ்சு! எங்கட வீட்டயும் காஸ் இல்ல காக்கா, தலைநோன்புக்கு முதலே முடிஞ்சி போச்சி!"

ஒழுங்கை முழுக்கத் தலைகள் எட்டிப் பார்த்தன. கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவர் கூட்டாமல் குறைக்காமல் ஒன்றைச் சொல்லி நான் கேட்டது அன்றுதான். எனக்கு அழுகையும் வந்தது, அவரை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது.

ஜவுபர் காக்கா கதவைத் திறந்தார். அவருக்குப் பின்னால் ஹுஸ்னியா தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி வந்தாள். "என்ன சத்தம் இது? நானே நோன்புத் தலையிடியில கிடக்கன்" என்றாள்.

அவர்களுடைய அடுப்பையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, ஜவுபர் காக்கா ஆட்டோவில் மிச்சமிருந்த பெற்றோலை நம்பி எல்லோரும் ஏறினோம். ஆட்டோவின் இரண்டு பக்கத்துத் திரைச்சீலையையும் சுருட்டிக் கட்டியிருந்ததால் காற்று அள்ளிக்கொண்டு போனது. ஜவாத் முன்னால் ஜவுபர் காக்காவோடு ஒட்டிக்கொண்டிருந்தார். கடற்கரைப் பள்ளிவாசலைத் தாண்டும்போது அம்ஹா கண்ணைத் திறந்து பிஸ்கட் கேட்டாள். நான் அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன்.

ஹுஸ்னியா என் தோளில் தலையைச் சாய்த்தாள்.

"நீங்களும் கரியிலயா ஆக்கின? உங்கட வீட்ட பெருநாள் மட்டும் காஸ் இரிக்காம் எண்டு இவர் வந்து சொன்னார். நீ காணக்கூடா எண்ட வெக்கத்திலதான் நான் ஜன்னலப் பூட்டினன்."

ஜவாத்துக்கு அது கேட்டது. அவர் திரும்பி எங்களைப் பார்க்கவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டி, அம்ஹாவின் காலைத் தேடிப் பிடித்தார். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அந்தப் பிடியை விடவில்லை.