கடுகளவு சதை

ஏலக்காரர் குரல் கொடுத்தால் மீன் சந்தையின் கடைசி வாசல் வரைக்கும் கேட்கும். அப்பேர்ப்பட்டவரின் நாக்கு ஓரத்தில் வலியே இல்லாமல் ஒரு சின்னக் கட்டி. வாய் அறுவை செய்யும் டாக்டரம்மாவின் நாற்காலியில், கைப்பிடியை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கொஞ்சமா எடுங்கம்மா. இந்த நாக்குதான் எனக்குச் சோறு போடுது."

டாக்டரம்மாவுக்கு மனசு இளகிவிட்டது. பரிசோதனைக்கு மேலோட்டமாகக் கடுகளவு சதைதான் எடுத்தார்.

அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர் ஆய்வுக்கூடத்து டாக்டர். சதா குனிந்தே இருப்பதால் ஆஸ்பத்திரி முழுக்க அவருக்குக் 'குனிஞ்ச தலை' என்று பெயர்.

"புற்று மாதிரிதான் தெரியுது. ஆனா அடியில இருக்கிற சதை இதுல வரவே இல்லை. இன்னொரு தடவை ஆழமா எடுத்துக் குடுங்களேன்" என்றார்.

"பாவம், பயந்த மனுஷன். மறுபடியும் எதுக்குக் குத்தணும்? புற்றுன்னா நாள் கடத்தக் கூடாது."

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறோம். டாக்டரம்மா கத்தியையே விட்டார். பாதி நாக்கு போயிற்று.

இன்று குனிஞ்ச தலை டாக்டரம்மாவின் அறைக்கு நேரிலேயே வந்து கதவைச் சாத்தினார். எப்போதும் போனில் சொல்கிறவர்.

"வெட்டினதை முழுசாப் பார்த்துட்டேன். புற்று எங்கயும் இல்லை. அபூர்வமா வர்ற சாதுக் கட்டி. மேல இருக்கிற தோல் மட்டும் தடிச்சு, புற்று மாதிரியே வேஷம் போடும். நானும் ஏமாந்துட்டேன்."

"கட்டியை மட்டும் எடுத்திருந்தா?"

"போதும். ரெண்டு தையல்ல முடிஞ்சிருக்கும்."

வார்டில் ஏலக்காரரின் மனைவி ஓடி வந்தாள்.

"ரிசல்ட் வந்துடுச்சாங்க? புற்று மிச்சமில்லையே?"

"இல்லைம்மா."

"அப்பாடா. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்று டாக்டரம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அத்தோடு வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். வார்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. கும்பிட்ட அந்தக் கையைப் பார்த்தபின் டாக்டரம்மாவால் முடியவில்லை. கட்டிலருகே உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொல்லி முடித்தார்.

மனைவி கணவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "இவர் கொஞ்சமா எடுக்கச் சொன்னதாலயா?" என்று கேட்டாள்.

"இல்லை. பயந்தவங்க அப்படித்தான் சொல்வாங்க. ஆழமா எடுக்க வேண்டியது என் வேலை. நான் செய்யலை."

ஏலக்காரர் எழுந்து உட்கார்ந்தார். வீங்கிய வாயைத் திறந்து ஏதோ சொன்னார். டாக்டரம்மா மனைவியின் முகத்தைப் பார்த்தார். கூடவே குடும்பம் நடத்திய அவளுக்கும் விளங்கவில்லை.

மறுபடியும் சொன்னார், இந்த முறை சந்தையில் ஏலம் கூவுகிற குரலில். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஒருவருக்கும் விளங்கவில்லை.